பழைய வீட்டில் குடிபோகும் முன்: சேன்-லூயி தீவில் நான் பட்டது

செனகல் நாட்டின் வடகோடியில், செனகல் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் இருக்கிறது சேன்-லூயி நகரம். ஆய்வுக்காகவோ வேலைக்காகவோ அங்கே போகிறவர்களில் பலர், ஆற்றின் நடுவே உள்ள தீவின் பழைய வீடுகளைப் பார்த்ததும் அவற்றில் ஒன்றில் குடியிருக்க ஆசைப்படுவார்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது, வீடும் கிடைத்தது, ஏழெட்டு மாதங்கள் நிறைவாக வாழவும் செய்தேன். பிறகு மழைக்காலத்தில் ஒரு நள்ளிரவில் அந்த வீட்டின் மேல்தளத்தில் பாதி இடிந்து என் அறைக்குள் விழுந்தது. அதைத் தொடர்ந்து வந்த வாரங்களில் யாரிடம் போவது, எந்தக் காகிதத்தைக் கேட்பது, எந்த எண்ணை அழைப்பது என்று சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. தமிழில் தேடிப் பார்த்தபோது அந்த ஊரைப் பற்றி ஒரு பத்திகூட அகப்படவில்லை. அடுத்து போகிறவருக்காவது இது உதவட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியைச் சேர்ந்தவள். எங்கள் ஊரிலிருந்து கப்பலேறிச் சேன்-லூயிக்குப் போன நீலத் துணியைப் பற்றி ஆய்வு செய்யவே அங்கே சென்றேன். அவுரிச் சாயம் ஏற்றிய அந்தத் துணியை பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்று அழைத்தார்கள். சேன்-லூயி வணிகர்கள் அதைப் படகுகளில் ஏற்றி, ஆற்றின் வழியே தகானா, போதோர் போன்ற துறைகளுக்குக் கொண்டுபோய், வடகரையில் வாழ்ந்த மூர் இனத்தவர் கொண்டுவரும் வேலம் பிசினுக்கு ஈடாகக் கொடுத்தார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவின் துணி ஆலைகளுக்கு வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்த வணிகத்தில் கினேத் துணியே பணம்போல் எண்ணிக் கொடுக்கப்பட்டது. சாயத்தொட்டியில் கை நீலமான எங்கள் ஊர்த் தொழிலாளிகளின் உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற வேட்கை எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது.

ஊரைக் கொஞ்சம் சொல்லிவிட்டால்தான் பின்னால் வருவது புரியும். பிரெஞ்சுக்காரர்கள் 1659இல் இந்தத் தீவில் தங்கள் வணிகக் குடியேற்றத்தை அமைத்தார்கள். தீவு சுமார் இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் நீளம் கொண்டது. அகலம் சுமார் முந்நூறு, நானூறு மீட்டர்தான். 1895 முதல் 1902 வரை பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதற்கும் இதுவே தலைநகரம். அந்தப் பெருமை இன்றைய தலைநகரான டக்காருக்குப் போன பின்பும் செனகலின் தலைநகரமாக 1957 வரை நீடித்தது. அதன் பிறகு அலுவலகங்களும் பணமும் தெற்கே நகர்ந்துவிட, இது ஒரு மாவட்ட ஊராக அமைந்துவிட்டது. யுனெஸ்கோ 2000இல் தீவை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. தீவுக்குக் கிழக்கே நிலப்பகுதியில் சோர் என்ற நெரிசலான நகர்ப்பகுதி இருக்கிறது. 1897இல் திறக்கப்பட்ட, அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள ஃபெதெர்ப் இரும்புப் பாலம் இரண்டையும் இணைக்கிறது. மேற்கே, ஆற்றுக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவில் லாங் த பார்பரி என்னும் ஒடுங்கிய மணல்திட்டு நீள்கிறது. அதன்மேல்தான் கெத் ந்தார் என்ற மீனவர் குடியிருப்பு. வோலோஃப் மொழியில் ஊருக்கே ந்தார் என்றுதான் பெயர்.

காஸ்தோன் பெர்ழே பல்கலைக்கழகம் ஊருக்கு வெளியே சானார் என்ற இடத்தில் இருக்கிறது. அங்கு வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் சோர் பக்கம் புதிய வீடுகளில் குடியிருக்கிறார்கள். எனக்கோ தீவின் தென்முனையில் உள்ள ஆய்வு மற்றும் ஆவண மையத்துக்கு நாள்தோறும் நடந்து போக வேண்டியிருந்ததால் தீவிலேயே வீடு தேடினேன். அங்கே வீடு பார்ப்பது தரகர் வழியாகத்தான் நடக்கிறது. எனக்கு வாய்த்த தரகர் தீவின் வடபகுதியில் ஒரு வீட்டின் மாடியைக் காட்டினார். மாத வாடகை, அந்நாட்டு நாணயத்தில், 1,50,000 சேஃபா ஃபிராங்க். முன்பணமாக இரண்டு மாத வாடகை, முதல் மாத வாடகை, தரகுக்கு ஒரு மாத வாடகை என்று முதல் நாளிலேயே 6,00,000 ஃபிராங்க் எண்ணி வைத்தேன். சேஃபா ஃபிராங்கின் மதிப்பு யூரோவோடு கட்டப்பட்டது. ஒரு யூரோவுக்கு 655.957 ஃபிராங்க் என்ற கணக்கில் இது சுமார் 915 யூரோ ஆகும். ரசீது கேட்டேன். வீட்டுக்காரர் டக்காரிலிருந்து வந்ததும் கையெழுத்திட்டுத் தருவார் என்றார் தரகர். சாவியைக் கொடுத்தவர் வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட தம்பி என்று அறிமுகமானார். பல மாதங்கள் வாடகை வாங்கிக்கொண்டு போனவரும் அவரே.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செனகலில் இப்போது கைப்பேசி வழியாகப் பணம் அனுப்புவது மிகப் பரவலாகிவிட்டது; வேவ், ஆரஞ்ச் மணி என்ற இரண்டையும் காய்கறி விற்கும் பெண்கள்கூட வைத்திருக்கிறார்கள். வாடகையையும் முன்பணத்தையும் ரொக்கமாகக் கொடுக்காமல் இவற்றின் வழியாக அனுப்பினால் தேதி, தொகை, பெறுபவர் பெயர் மூன்றும் பதிவாகிவிடும். பிற்பாடு பஞ்சாயத்து என்று வந்தபோது எனக்குக் கைகொடுத்தவை இப்படி அனுப்பிய சில மாத வாடகைப் பதிவுகள்தாம். ரொக்கமாகக் கொடுத்த முன்பணத்துக்குத் தரகரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை.

வீட்டைப் பற்றி எழுதாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. தீவின் பழைய வீடுகள் பலவற்றைப்போல் அதுவும் கீழ்த்தளத்தைக் கிடங்காகவும் மாடியைக் குடியிருப்பாகவும் வைத்துக் கட்டப்பட்டது. கீழே கினே மூட்டைகளும் பிசின் மூட்டைகளும் அடுக்கிய அறைகள், நடுவில் முற்றம், முற்றத்திலிருந்து ஏறும் படிக்கட்டு, தெருவைப் பார்த்து மரத்தாலான நீண்ட பால்கனி. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்களோடு வாழ்ந்து, தாங்களே வணிகமும் செய்து, வீடுகளுக்கும் படகுகளுக்கும் உரிமையாளர்களாக விளங்கிய சிஞார் பெண்கள் இப்படிப்பட்ட வீடுகளில்தான் ஆட்சி செய்தார்கள். சுவர் செங்கல்லால் ஆனது; அதன்மேல் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பின் பூச்சு. படுத்தபடி மேலே பார்த்தால் தளத்தைத் தாங்கும் உத்திரங்கள் கருத்து நீளநீளமாகத் தெரியும். நான் முதல் நாளே ஒரு நாற்காலியின் மேல் ஏறி அவற்றைத் தொட்டுப் பார்த்தேன். ஊசி ஊசியாகக் கறுப்பு நார் ஓடிய, வைரம் பாய்ந்த பனங்கட்டை. நம் பனையின் ஆப்பிரிக்க இனம் அங்கே காட்டு மரமாக வளர்கிறது. கரையான் எளிதில் அண்டாத மரம் என்பதால் தீவின் வீடுகளுக்கு அதையே உத்திரமாகப் போட்டிருக்கிறார்கள். பனங்கட்டையின்மேல் பலகை, பலகையின்மேல் செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும் இட்டு இறுக்கிய தட்டையான தளம். எங்கள் பாட்டி வீட்டின் கூரையடியில் தூங்கி வளர்ந்த எனக்கு அந்த உத்திரங்களைப் பார்த்ததும் அந்நிய ஊரில் இருக்கும் உணர்வே போய்விட்டது.

அண்டை வீடுகளும் விரைவில் பழகிவிட்டன. முற்றத்தின் மறுபுறம் கீழ்த்தளத்தில் ஒரு முதிய அம்மாள் தம் பெண்களோடும் பேரப் பிள்ளைகளோடும் இருந்தார். மதியம் இரண்டு மணிக்கு மேல் அவருடைய வீட்டில் பெரிய வட்டத் தட்டில் செபு ஜென் வந்து இறங்கும். தக்காளியில் சிவந்த சோறு, மசாலா அடைத்த மீன், மரவள்ளி, காரட், முட்டைக்கோஸ், கத்தரிக்காய். ஒரே தட்டைச் சுற்றி எல்லோரும் அமர்ந்து அவரவர் முன்னால் உள்ள பாகத்தை மட்டும் உண்பார்கள். வீட்டின் பெரியவள் மீனைப் பிய்த்துப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிக்கொண்டே இருப்பாள். இந்தச் சாப்பாட்டை முதலில் ஆக்கியவர் சேன்-லூயியைச் சேர்ந்த பெந்தா ம்பாய் என்ற பெண்மணி என்று ஊரார் பெருமையோடு சொல்கிறார்கள். யுனெஸ்கோவும் 2021இல் இதைச் செனகலின் வாழும் மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நான் வலக்கையால் பிசைந்து சாப்பிட்ட விதத்தைப் பார்த்த அம்மாள், "நீ எங்கள் வீட்டுப் பெண்தான், மகளே" என்றார். அன்றிலிருந்து எனக்கு அங்கே மதியச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. தனியாகப் போகிற பெண்களுக்கு என் முதல் அறிவுரை இதுதான்: குடிபோன முதல் வாரத்திலேயே சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போய், நலம் விசாரித்து, பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அந்த ஊரில் வணக்கமும் நலவிசாரிப்பும் நீளமாக இருக்கும். அவற்றைச் சுருக்கிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருவது மரியாதைக் குறைவு.

அந்த அம்மாள்தான், வீடு உண்மையில் யாருடையது என்பதைப் பேச்சுவாக்கில் எனக்குச் சொன்னவர். பட்டா ஒரு முப்பாட்டனார் பெயரில் இருக்கிறது. அவருடைய வாரிசுகள் மூன்று தலைமுறையாகப் பெருகி, சிலர் டக்காரில், சிலர் பிரான்சில், ஒருவர் மொரித்தானியாவில் இருக்கிறார்கள். சொத்து பாகம் பிரிக்கப்படவே இல்லை. தீவின் பழைய வீடுகள் பலவற்றின் கதை இதுதான் என்று பிறகு அறிந்தேன். பலரின் சொத்தாக இருக்கும் வீட்டுக்கு ஒருவரும் செலவு செய்வதில்லை. ஒருவர் செலவு செய்தால் மற்றவர்கள், உரிமையைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று ஐயப்படுகிறார்கள். யார் ஊரில் இருக்கிறாரோ அவர் சாவியை வைத்துக்கொண்டு, வரும் வாடகையில் காலம் தள்ளுகிறார். நான் வாடகை கொடுத்த தம்பியும் அப்படிப்பட்டவரே. அவர்மீது எனக்கு இன்றும் பெரிய கோபம் இல்லை; அவருக்கும் வேறு வருமானம் இல்லை.

சுவர்களில் ஓதம் ஏறியிருந்ததை நான் வந்தபோதே பார்த்தேன். இடுப்புயரம் வரை பூச்சு பொரிந்து, கையால் தொட்டால் வெள்ளை உப்பு மாவாக உதிரும். தீவைச் சுற்றி ஓடும் நீர் ஆண்டில் பெரும்பகுதி உப்புநீர். ஆற்றின் மேலே 1986 முதல் இயங்கும் தியாமா அணை, கடல்நீர் அணைக்கு அப்பால் ஏறாதபடி தடுக்கிறது. அணைக்குக் கீழே உள்ள இந்த ஊரோ கடலின் பக்கம் நிற்கிறது. அதோடு 2003 அக்டோபரில் ஆற்று வெள்ளம் ஊருக்குள் புகும் நிலை வந்தபோது, வெள்ளத்தைக் கடலில் வடிக்க லாங் த பார்பரியின் குறுக்கே நான்கு மீட்டர் அகலத்தில் ஒரு கால்வாய் வெட்டினார்கள். வெள்ளம் வடிந்தது, ஆனால் அலையும் ஆறும் சேர்ந்து அந்த வாய்க்காலை அரித்து, விரைவிலேயே நூற்றுக்கணக்கான மீட்டராக அகலப்படுத்திவிட்டன. வெகு தெற்கே இருந்த ஆற்றுமுகம் ஊருக்கு மிக அருகில் வந்துவிட்டது. அன்றிலிருந்து கடலின் ஏற்றவற்றம் தீவின் கரைகளில் முன்னைவிட அதிகமாகத் தெரிகிறது. அதற்குப் பின் சுவர்களில் ஓதம் கூடிவிட்டது என்று வயதானவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

மழை அங்கே அதிகம் இல்லை. ஜூலை இறுதியில் தொடங்கி அக்டோபருக்குள் முடிந்துவிடும். ஆனால் வரும் மழை அடித்துக் கொட்டிவிட்டுப் போகும். ஆகஸ்டின் பிற்பகுதியில் அப்படி ஒரு மழை இரண்டு நாள் விட்டுவிட்டுப் பெய்தது. படுக்கைக்கு மேலே சொட்டத் தொடங்கியதால் கட்டிலைப் பக்கத்து அறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். சாவி வைத்திருந்தவரை அழைத்துச் சொன்னேன்; கொத்தனாரை அனுப்புகிறேன் என்றார். அன்றிரவு மின்சாரம் இல்லை. நள்ளிரவைத் தாண்டியிருக்கும். முதலில் ஏதோ மணல் கொட்டும் ஓசை, பிறகு கட்டை முறியும் சத்தம், அதன்பின் வீடே அதிர்ந்தது. கைப்பேசி வெளிச்சத்தில் கதவைத் திறந்தால் புழுதியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. புழுதி அடங்கியபோது, முந்தின நாள்வரை நான் படுத்திருந்த இடத்தில் செங்கல்லும் காரையும் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. அவற்றின் நடுவில் இரண்டு உத்திரங்கள் சாய்ந்து நின்றன. மேலே வானம் தெரிந்தது. கத்தவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கால் நடுங்கியபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கீழிருந்து அம்மாளின் மூத்த பேரன் ஓடிவந்து கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போன பிறகுதான் என் பாதத்தில் வெட்டுப்பட்டு இரத்தம் வழிவது தெரிந்தது.

தீயணைப்புப் படையின் எண் 18. அவசர மருத்துவ உதவிக்கு 1515. இவற்றை அந்த இரவில் பேரன்தான் சொன்னான். தீயணைப்பு வீரர்கள் வந்து பார்த்து, மாடியில் யாரும் தங்கக்கூடாது என்று கூறிவிட்டார்கள். தீவிலேயே உள்ள மருத்துவமனையில் காலுக்குத் தையல் போட்டு, தடுப்பூசியும் போட்டார்கள். அங்கே முதலில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். அதன் பின்னரே மருத்துவர் பார்ப்பார். மருந்தும் பஞ்சும் நூலும்கூடச் சீட்டெழுதி வெளியே வாங்கிவரச் சொல்வதுண்டு. இரவில் எந்த மருந்துக்கடை திறந்திருக்க வேண்டும் என்பது முறைவைத்து மாறும். மூடிய கடைகளின் கதவிலேயே அந்த வாரத்து முறைக்கடையின் பெயரை ஒட்டியிருப்பார்கள். ஆகவே கைவசம் 30,000, 40,000 ஃபிராங்காவது எப்போதும் தனியாக வைத்திருங்கள்.

அடுத்து வந்த நாட்களில்தான் நான் உண்மையில் உடைந்து போனேன். பல்கலைக்கழகம் விடுமுறையில் இருந்தது. தெரிந்த ஆசிரியர்கள் எல்லோரும் சொந்த ஊர்களுக்குப் போயிருந்தார்கள். விடுதிகளில் இடம் கேட்டால் எங்கும் இல்லை என்றார்கள். காரணம், செப்டம்பர் 5. முரீத் என்னும் சூஃபி நெறியை நிறுவிய ஷேக் அமது பம்பாவை பிரெஞ்சு அரசு 1895இல் இந்த ஊரின் ஆளுநர் மாளிகைக்கு அழைத்து விசாரித்து, காபோனுக்கு நாடுகடத்தியது. அந்த அலுவலகத்திலேயே அவர் இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுதார் என்பது முரீதுகளின் நம்பிக்கை. அதன் நினைவாக ஆண்டுதோறும் அந்த நாளில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பெருந்திரளாக மக்கள் வந்து, மாளிகைக்கு முன்னால் உள்ள திடலில் தொழுகிறார்கள். வெள்ளை அங்கிகளும் பல நிறத் துணி ஒட்டுப்போட்ட ஆடைகளுமாகப் பாலம் முழுவதும் மனிதர்கள் நிரம்பி வருவதைக் காண்பது பெரும்பேறு. ஆனால் காலில் தையலோடு ஓர் அறை தேடி அலைந்த எனக்கு அந்த நேரத்தில் அழுகைதான் வந்தது. சோரில் ஒரு விடுதியில் வழக்கத்தைவிட இருமடங்கு வாடகைக்குச் சில இரவுகள் இருந்தேன். பிறகு அம்மாள் தகவல் அறிந்து, தம் பெண்ணின் அறையில் எனக்குப் பாய் விரித்துக் கொடுத்தார். மதியத் தட்டைச் சுற்றி முன்போலவே எனக்கும் ஓர் இடம் இருந்தது. வீடு தேடுகிறவர்கள் ஆகஸ்டு இறுதியையும் செப்டம்பர் முதல் வாரத்தையும் தவிர்த்து, நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வருவது நல்லது. வாடகையும் கட்டுப்படியாகும், மழையும் இராது.

இப்போது பணத்தின் கதை. தரகரின் கைப்பேசி அணைந்தே கிடந்தது. சாவி வைத்திருந்தவர், முன்பணத்தில் பாதியைத் தரகர் எடுத்துக்கொண்டார் என்றும் மீதி வீட்டுச் செலவில் போய்விட்டது என்றும் சொன்னார். டக்காரில் இருந்த வாரிசு ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். வீடு வாடகைக்கு விடப்பட்டிருப்பதே தமக்குத் தெரியாது என்று அவர் திகைத்தார். வழக்குப் போடலாம் என்று எண்ணி, முதலில் நீதிமன்ற அலுவலர் ஒருவரை அழைத்து, வீட்டின் நிலையைப் புகைப்படங்களோடு பதிவுசெய்த அறிக்கை வாங்கினேன். அதற்கு 50,000 ஃபிராங்க் ஆயிற்று. அந்தச் செலவுக்காக நான் வருந்தவில்லை. பின்னர் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே காகிதம் அதுதான். ஆனால் விஷயத்தை நகர்த்தியது நீதிமன்றம் அன்று. அம்மாள் என்னைத் தெருவின் பொறுப்பாளரிடம் அழைத்துப் போனார். ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் இப்படி ஒரு மூத்தவர் இருக்கிறார்; குடியிருப்புச் சான்றிலிருந்து சண்டை சமாதானம் வரை அவரிடமே முதலில் போகிறார்கள். அவர் தம் வீட்டு வாசலில் பாய் விரித்து, சாவி வைத்திருந்தவரையும் வரவழைத்து, மூன்று சுற்று அத்தாயாத் தேநீர் முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். முதல் சுற்றில் ஒருவரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. அங்கே அதுதான் முறை. இப்படிச் சில அமர்வுகளுக்குப் பிறகு 3,00,000 முன்பணத்தில் 1,00,000 என் கைக்கு வந்தது.

நான் இழந்தவை இவை: வராத முன்பணம் 2,00,000, தரகு 1,50,000, அறிக்கைக்கு 50,000, நனைந்து நசுங்கிய மடிக்கணினிக்குப் பதிலாக வாங்கிய பழைய கணினி 2,50,000, விடுதி 80,000. மொத்தம் 7,30,000 ஃபிராங்க், ஏறத்தாழ 1,100 யூரோ. இதைவிட எனக்கு வலித்தது குறிப்பேடுகள் போனது. ஆவணங்களிலிருந்து கையால் படியெடுத்த கினே சரக்குக் கணக்குகள் சேற்றுக் குழம்பாகிவிட்டன. பல வாரங்கள் உழைத்து அவற்றை மீண்டும் எழுதினேன். ஆவண மையத்தில் பார்த்ததை அன்றன்றே படமெடுத்து வேறோர் இடத்தில் சேமித்து வையுங்கள்; ஓதமும் உப்பும் புழுதியும் உள்ள ஊரில் காகிதத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது.

தளம் ஏன் விழுந்தது என்பதை எனக்கு விளக்கியவர் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு வயதான கொத்தனார். அம்மாளின் வேண்டுகோளுக்காக வந்து பார்த்தார். விழுந்து கிடந்த உத்திரத்தின் நடுப்பகுதியைத் தம் சுத்தியலால் தட்டினார். உலோகம்போல் ஓசை வந்தது. அதே உத்திரத்தின் நுனியை, அதாவது சுவருக்குள் செருகியிருந்த பாகத்தை, விரலால் அழுத்தினார். ஈரமான நாராகப் பிதுங்கியது. பல ஆண்டுகளுக்கு முன் ஒழுகலை நிறுத்துவதற்காக யாரோ தளத்தின்மேல் சிமெண்ட் போட்டிருக்கிறார்கள். சுவரின் வெளிப்புறத்தையும் சிமெண்டால் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது. வெடிப்பின் வழியே புகுந்த மழைநீரும் கீழிருந்து ஏறிய உப்பும் உள்ளேயே தங்கி, கட்டையின் முனையை ஆண்டாண்டாகத் தின்றுவிட்டன. பனை நல்ல மரம், அதை மூச்சுவிட விடவில்லை என்றார் அவர். சிமெண்ட் மூட்டை எந்தக் கடையிலும் கிடைக்கிறது; சுண்ணாம்பு தேட வேண்டியிருக்கிறது, அதைக் குழைக்கத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் முகப்பையோ கூரையையோ மாற்ற அனுமதி பெறவேண்டும். அதற்கு உரிமையாளர் யார் என்று காட்டவேண்டும். பாகம் பிரியாத வீட்டுக்கு யார் கையெழுத்திடுவது? ஆகவே முறையான பழுதுபார்ப்பு நடப்பதே இல்லை. ஒழுகும் இடத்தில் இரவோடிரவாகச் சிமெண்ட் போட்டுக்கொள்கிறார்கள். மரபுச் சின்னம் என்ற பெயர் கிடைத்து இவ்வளவு காலம் ஆன பின்னும் தீவில் இத்தனை வீடுகள் சிதைவதற்கு இந்த முடிச்சு ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. வெறும் பணத்தால் இது அவிழாது. வாரிசு வழக்குகளைத் தீர்க்க உதவுவதும் சுண்ணாம்புக் கொத்தனார்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுப்பதும் மரபைக் காக்கும் வேலையாகவே கருதப்பட வேண்டும்.

ஆகவே இப்படிப்பட்ட ஊரில் வீடு பார்க்கிறவர்களுக்கு அந்தக் கொத்தனார் சொன்னதையே சொல்கிறேன். அறையின் அழகைப் பார்ப்பதற்கு முன் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். சாம்பல் நிறச் சிமெண்ட் ஒட்டு இருந்தால், அதற்கு நேர் கீழே உத்திரம் சுவரைத் தொடும் இடத்தை ஒரு திருகாணி முனையால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் அந்த வீடு வேண்டாம். மழைநீர்க் குழாய்கள் அடைபட்டுள்ளனவா, பால்கனியின் தாங்குகட்டைகள் சுவரை விட்டு விலகியுள்ளனவா என்று பாருங்கள். காகிதத்தில் மூன்றைக் கேளுங்கள்: சொத்து யார் பெயரில் என்பதற்கான பட்டா நகல், அவர் இறந்திருந்தால் நீதிமன்றம் தந்த வாரிசு ஆணை, உங்களிடம் வாடகை வாங்குகிறவருக்கு மற்ற வாரிசுகள் எழுதிக் கொடுத்த பவர் பத்திரம். இவை இல்லாமலும் பலர் குடியிருக்கிறார்கள் என்பது உண்மை. அப்படி இருக்க நேர்ந்தால், முன்பணத்தை ஒரு மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். தெருப் பொறுப்பாளரின் முன்னிலையில் கொடுத்து, வீட்டின் நிலையைப் பிரெஞ்சில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

கெத் ந்தாரில் அம்மாளின் தம்பி குடும்பம் இருந்தது. அவர்களுடைய வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. 2017, 2018 ஆண்டுகளில் எழுந்த பேரலைகள் கடலோர வரிசை வீடுகளை வாரிச் சென்ற பிறகு, பல குடும்பங்களை ஊருக்கு வெளியே ஜுகோப் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். நான் அம்மாளோடு அங்கே போயிருந்தேன். படகும் வலையும் கடலோரத்தில், குடும்பம் உள்நாட்டில் என்று ஆகிவிட்டதால், ஆண்கள் விடியலுக்கு முன்பே வண்டிக்குக் காசு கொடுத்துக் கடலுக்குப் போகிறார்கள். பெண்களுக்கு மீன் உலர்த்தும் வேலை அறுந்துவிட்டது. அம்மாளின் தம்பி மனைவி என் காலின் தையலைப் பார்த்து அழுதார். தாம் இழந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் கேட்டுக் கேட்டு அறிந்தேன். அந்த ஊரின் பெருமை பேசும்போது ஆளுநர் மாளிகையையும் பால்கனிகளையும் சொல்கிற நாம், மணல்திட்டில் வண்ணம் தீட்டிய நீண்ட படகுகளோடு வாழ்ந்த இந்த மக்களையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ஊருக்கு மீன் கொடுத்தவர்கள் அவர்கள்.

நான் ஆய்வை முடித்துத் திரும்பும்வரை அம்மாளின் வீட்டிலேயே இருந்தேன். வாடகை வாங்க மறுத்தார், அரிசி மூட்டைக்கும் எண்ணெய்க்கும் மட்டும் என்னைக் காசு கொடுக்க விட்டார். இடிந்த வீட்டின் மாடிக்கு இப்போது முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தபாஸ்கி எனப்படும் பக்ரீத் பெருநாளுக்கு ஊர் வந்த வாரிசுகள் முதல்முறையாக ஒன்றுகூடி, ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பது என்று பேசி முடித்திருப்பதாகப் பேரன் எனக்குச் செய்தி அனுப்பினான். சுண்ணாம்புக் கொத்தனாரிடம் செலவுக் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வரவேண்டிய 2,00,000 ஃபிராங்கும் அந்தக் கணக்கோடு சேர்த்துத் தெருப் பொறுப்பாளரின் நோட்டில் எழுதப்பட்டுள்ளது.